'ஃபாலோ' பண்ணலாமா, கூட வரலாமா?

பாரிட் ராஜாவில் உள்ள துன் ஹுசைன் ஓன் மலேசியா பல்கலைக்கழகத்திலிருந்து பத்து பாகாட் நகருக்குக் காரில் கிளம்புகிறார் உங்கள் நண்பர். உங்களுக்கும் நகரில் வேலை. "கேன் ஐ ஃபாலோ யூ?" என்கிறீர்கள். நண்பர் உடனே கார்க் கதவைத் திறந்துவிடுவார். அதையே வெளிநாட்டு விரிவுரையாளர் ஒருவரிடம் கேட்டால், "உன் கார் எங்கே?" என்று அவர் விழிக்கக்கூடும். அவர் காதில் விழுந்தது, "உங்கள் பின்னாலேயே வரட்டுமா?" என்பதுதான்.

இந்தக் குழப்பம் மலாய்மொழியின் 'இகுட்' என்ற சொல்லிலிருந்து வருகிறது. உடன் வருவதும் 'இகுட்', கட்டளைப்படி நடப்பதும் 'இகுட்'. ஆங்கிலத்தில் இவை வேறு வேறு.

'ஃபாலோ' எங்கெல்லாம் பொருந்தும்?

1. பின்னால் செல்லுதல்: முன்னே போகும் காரைப் பின்தொடர்வது.

2. கடைப்பிடித்தல்: விதிமுறையை, மருத்துவரின் ஆலோசனையைப் பின்பற்றுவது.

3. புரிந்துகொள்ளுதல்: "டு யூ ஃபாலோ மீ?" என்று ஆசிரியர் கேட்டால், "நான் சொல்வது விளங்குகிறதா?" என்று பொருள். எழுந்து அவர் பின்னால் போக வேண்டாம்!

4. சமூக ஊடகம்: ஒருவரின் பதிவுகளைத் தொடர்ந்து பார்ப்பது.

5. 'ஆஸ் ஃபாலோஸ்': 'பின்வருமாறு' என்று பொருள். பட்டியலில் எத்தனை இருந்தாலும் கடைசி 'ஸ்' கட்டாயம். 'ஆஸ் ஃபாலோ' பிழை.

6. 'ஃபாலோ அப்': தொடர் நடவடிக்கை. சிகிச்சை முடிந்து மறுபடி வந்து காட்டச் சொல்வதும் இதுதான்.

நமக்குத் தாய்மொழியே இங்கே துணை. பின்செல், பின்தொடர், பின்பற்று, பின்வரும் என்று தமிழில் 'பின்' வரும் இடங்களில் பெரும்பாலும் 'ஃபாலோ' பொருந்தும். 'கூட' அல்லது 'உடன்' வந்தால் 'கோ வித்', 'கம் வித்' என்று சொல்லுங்கள். "கேன் ஐ கம் வித் யூ?" என்றால் யாருக்கும் குழப்பம் இராது.

நண்பர்களுக்குள் "ஃபாலோ" என்று பேசுவதில் குற்றமில்லை. அது நம் ஊர்ப் பேச்சு. ஆனால் எஸ்.பி.எம். ஆங்கிலத்தின் 3ஆம் தாளான வாய்மொழித் தேர்விலும், வேலைக்கான நேர்முகத்திலும் எதிரே இருப்பவர் உங்கள் நண்பரல்லர்.

இப்போது நீங்களே சொல்லுங்கள்: "அம்மாவுடன் சந்தைக்குப் போனேன்", "மருத்துவர் சொன்னபடி நடந்தேன்", "போலீஸ் கார் எங்கள் பின்னாலேயே வந்தது". இவற்றில் 'ஃபாலோ' எதற்குப் பொருந்தாது?