உம்மா கேட்ட கேள்வி

பாடசாலை விடுமுறையில் ஒரு நாள் ‘டு ஓல் த போய்ஸ் ஐவ் லவ்ட் பிபோர்’ என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா வந்து பக்கத்தில் அமர்ந்தார். ஏசுவார் என்று பயந்தேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இதில நம்மட புள்ளயள் மாதிரி ஒருத்தரும் இல்லயா மகள்?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

பதின்ம வயதுக் காதல் படங்களின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். பாடசாலை, முதல் விருப்பம், பெற்றோருடன் பிணக்கு, முடிவில் தன்னைத் தானே அறிந்துகொள்ளல். ஹொலிவூட்டில் இக்கதையின் நாயகி நெடுங்காலமாகப் பெரும்பாலும் வெள்ளையினப் பெண்ணாகவே இருந்தாள். ஏனையோர் தோழியாகவோ கேலிப்பொருளாகவோ வந்துபோயினர். 1984இல் வெளியான ‘சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்’ படத்தில் லோங் டக் டோங் என்ற ஆசிய மாணவன் வருகிறான். அவன் வரும்போது பின்னணியில் சேகண்டி ஒலிக்கும். அவனது பெயரும் பேச்சும் சிரிப்பதற்கே. அவன் மனதில் என்ன இருக்கிறது என்று படம் கேட்பதில்லை.

நான் பார்த்த படம் 2018இல் வந்தது. ஜெனி ஹான் 2014இல் வெளியிட்ட நாவலே அதன் மூலம். நாயகி லாரா ஜீனின் தாய் கொரிய வம்சாவளியினர், தந்தை வெள்ளையினத்தவர். படமாக்க முன்வந்தவர்கள் நாயகியை வெள்ளையினப் பெண்ணாக மாற்ற விரும்பியதாகவும், ஆசியப் பெண்ணே நாயகி என்பதை ஒரேயொரு நிறுவனம்தான் ஏற்றதாகவும் ஜெனி ஹான் கூறியிருக்கிறார். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வியட்நாமில் பிறந்த லானா கொண்டோர் நாயகியானார். அப்படத்திலேயே லாரா ஜீன் ‘சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்’ பார்க்கும் காட்சி உண்டு. அந்த ஆசிய மாணவனின் பாத்திரம் இனவாதமானதல்லவா என்று உடனிருப்பவன் கேட்க, ஆம் என்று அவள் தயங்காமல் ஒப்புக்கொள்கிறாள். விரும்பும் படத்தின் குறையையும் கண்டு சொல்லலாம் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

சரி, முஸ்லிம் பிள்ளைகள்? 2019இல் வெளியான இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பங்கள். மின்ஹால் பெய்க் இயக்கிய ‘ஹலா’வின் நாயகி ஹிஜாப் அணிபவள், கவிதை எழுதுபவள். படத்தின் முடிவில் அவள் ஹிஜாபைக் கழற்றிவிடுகிறாள். குரிந்தர் சாதா இயக்கிய ‘பிளைண்டட் பை த லைட்’ 1987இல் இங்கிலாந்தின் லூட்டன் நகரில் நடக்கிறது. எழுத்தாளனாக விரும்பும் ஜாவித்துக்கும், தொழிற்சாலை வேலையை இழந்த வாப்பாவுக்கும் இடையில்தான் போராட்டம். அந்த வாப்பா கொடியவரல்லர், பயந்தவர். மகனும் குடும்பத்தை உதறிவிட்டுப் போவதில்லை.

‘ஹலா’வின் முடிவு எனக்கு வலித்தது. ஆனால் இயக்குநர் தன் வாழ்க்கை அனுபவங்களிலிருந்தே அக்கதையை உருவாக்கினார். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. வெள்ளையினப் பெண்களைப் பற்றி நூற்றுக்கணக்கான படங்கள் இருப்பதால், அவற்றில் ஒருத்தி செய்வதை எல்லோரும் செய்வதாக யாரும் எண்ணுவதில்லை. நம்மைப் பற்றிய படங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. எனவே ஹலா ஹிஜாபைக் கழற்றினால், முஸ்லிம் பெண்ணின் விடுதலை அதுதான் என்று உலகம் வாசித்துவிடுகிறது. ஹிஜாபுடனே சிரித்து, படித்து, பிழைவிட்டுத் திருந்தி வளரும் பெண்ணின் கதை பக்கத்தில் இருந்திருந்தால், ஹலாவின் கதை ஹலாவுடையதாக மட்டும் இருந்திருக்கும். பன்முகத்தன்மை என்பது கூட்டத்தில் ஒரு முக்காட்டைக் காட்டுவதல்ல. பல கதைகளுக்கு இடம் கொடுப்பது.

ஜாவித்தின் கதையை உம்மாவுடன் சேர்ந்து பார்த்தேன். முடிந்ததும், “அந்த வாப்பாட பயத்தையும் காட்டியிருக்காங்க” என்றார். அதன்பின் தன் பயங்களைப் பற்றியும் கொஞ்சம் பேசினார். நான் அவற்றை முதன்முறையாகக் கேட்டேன்.

பெற்றோரே, திரையை அணைக்கும் முன் ஒருமுறை அருகில் அமர்ந்து கேளுங்கள். தோழியரே, ஒளித்துப் பார்ப்பதை விட, உம்மாவுக்குப் பதில் சொல்லக்கூடிய படங்களைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பேனாவை எடுங்கள். நம் வீட்டுக் கதையை நாம் எழுதாவிட்டால், நம்மை அறியாத ஒருவர் எழுதுவார்.