கிரீன் கார்டுக் காத்திருப்பு – 7: இருபத்தோரு வயது

அமெரிக்காவில் வேலைவழி கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு அனுமதிக்கப்பட்டுவிட்டால், எச்-1பி வேலை விசாவின் ஆறாண்டு வரம்பு தந்தையைத் தடுக்காது என்று சென்ற வாரம் பார்த்தோம். கிரீன் கார்டு வரும்வரை நீட்டித்துக்கொண்டே போகலாம். மனைவியின் எச்-4 சார்பு விசாவும் கூடவே நீளும். பிள்ளைக்கு மட்டும் 21 வயதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அன்று முதல் எச்-4 செல்லாது. அப்பாவின் விண்ணப்பத்திலும் இடமில்லை.

வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. மனைவி மக்களும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. 2025 முழுக்க, இ.பி-2 பிரிவில் இந்தியர்களுக்குக் கிரீன் கார்டு வழங்கும் தேதி 2013-ஐத் தாண்டவில்லை; அதற்குப் பின் வரிசையில் சேர்ந்தவர்களுக்கு முறை வரவில்லை. மூன்று வயதில் கோவையிலிருந்து போன பெண் கல்லூரி முடிக்கும்போதும் அப்பா வரிசையில்தான் நிற்பார்.

2002-இல் வந்த குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. வரிசையில் தேதி வரும் நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ, அதில் ஐ-140 பரிசீலனையில் கிடந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். வயது 21 வருடம் 5 மாதம், மனு கிடந்தது 8 மாதம் என்றால், சட்டப்படி வயது 20 வருடம் 9 மாதம். தப்பித்தாள், ஓராண்டுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். வயிறெரியச் செய்வது என்னவென்றால், பிரீமியம் கட்டணம் கட்டிச் சில வாரங்களிலேயே ஐ-140 வாங்கியவர்களுக்குக் கழிக்க நாளே மிஞ்சாது. அதற்கு முன் தொழிலாளர் துறைச் சான்றுக்குக் காத்திருந்த மாதங்களும் சேராது. மாதாந்திர விசா புல்லட்டினில் முன்கூட்டியே தேதி வரும் பட்டியலை வைத்து வயதைக் கணக்கிடலாம் என்று 2023-இல் குடியேற்றத் துறை இறங்கி வந்தது. 2025 ஆகஸ்ட் 15 முதல் அந்தச் சலுகையும் போயிற்று.

கழித்தும் தேறாதவர்கள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். அதற்குப் படிப்பு முடிந்ததும் ‘சொந்த நாட்டுக்கு’த் திரும்பும் எண்ணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். மூன்று வயதில் விட்டுவந்த ஊரை எப்படிச் சொந்த ஊர் என்பாள்? அரசின் கல்விக் கடனும் இல்லை. சிறுவயதில் வந்தவர்களுக்காக 2012-இல் ஒபாமா அரசு கொண்டுவந்த டாகா திட்டம், அந்த ஆண்டு ஜூன் 15 அன்று செல்லத்தக்க விசா இல்லாதிருந்தவர்களுக்கே பொருந்தும். முறையாக வந்ததே இந்தப் பிள்ளைகளுக்குத் தகுதிக் குறைவாகிவிட்டது. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு வழிவிடும் மசோதா 2021-இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது, நிறைவேறவில்லை.

ஒரு வழியைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒதுக்கீட்டுக்குப் பாஸ்போர்ட் முக்கியமல்ல, பிறந்த நாடுதான் கணக்கு. மனைவி சிங்கப்பூரிலோ குவைத்திலோ பிறந்தவர் என்றால், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், அந்த நாட்டின் வரிசையில் குடும்பமே சேர்ந்துகொள்ளலாம். பிள்ளை பிறந்த நாட்டை வைத்துப் பெற்றோர் சேர முடியாது. பெற்றோரில் ஒருவராவது வெளிநாட்டில் பிறந்திருந்தால், பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு இந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

(தொடரும்)