ப்ரவுன் ஏலுக்கு எத்தனை மார்க் போடலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே வெச்சுக்கிட்டு, கொஞ்சம் சுருக்கியிருக்கோம். 21 வயசு ஆனவங்களுக்கு மட்டும்.)

இந்த வாரம் சிட்லபாக்கத்துலேர்ந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். லாங் வீக்கெண்டுக்கு பெங்களூரு போறாராம். அங்க ஒரு மைக்ரோப்ரூவரி மெனுவுல ப்ரவுன் ஏல் இருக்கு. ஆனா ரேட்டிங் ஆப்ல பார்த்தா அஞ்சுக்கு 3.4 தான். "ப்ரோ, இது சுமார் மூஞ்சி பீரா? காசு குடுத்து வாங்கலாமா, இல்ல வழக்கமான வீட் பீரே போதுமா?"

வாங்கலாம். அந்த 3.4 இந்த வகை பீருக்குக் கெட்ட மார்க்கே இல்ல. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்த எபிசோடு.

முதல்ல நம்ம ஊர் நிலவரம். தமிழ்நாட்டுல 2003லேர்ந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில. அங்க கிடைக்கிற பீர் பெரும்பாலும் லாகர், அதுலயும் ஸ்ட்ராங். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஆல்கஹால் 5 சதவீதம் வரைக்கும் மைல்டு, அதுக்கு மேல 8 வரைக்கும் ஸ்ட்ராங். நம்ம ஆளுங்க பீர் பத்திக் கேக்கிற முதல் கேள்வி "ஏறுமா?"ங்கிறதுதான். ருசி ரெண்டாவது கேள்வி கூட இல்ல. சில்லுன்னு இருந்தா போதும். அந்த அளவுகோலை வெச்சு ப்ரவுன் ஏலை அளந்தா அது ஃபெயில்தான். பிரிட்டிஷ் ப்ரவுன் ஏல்ல ஆல்கஹால் சுமாரா 4.2லேர்ந்து 5.9 சதவீதம். அது ஏத்திவிடறதுக்காகக் காய்ச்சின சரக்கு இல்ல. உக்காந்து பேசிக்கிட்டே குடிக்கிறதுக்கானது.

சரி, அந்தப் பழுப்பு நிறம் எங்கேர்ந்து வருது? உங்க வீட்டுல ராகி மால்ட் செஞ்சிருப்பாங்க. கேழ்வரகை ஊறவெச்சு, முளைகட்டி, காயவெச்சு, வறுத்து அரைப்பாங்க. பீர்ல வர்ற மால்ட்டும் அதே வேலைதான், தானியம் மட்டும் பார்லி. முளைகட்டின பார்லியை லேசா காயவெச்சா வெளிர் மால்ட், அதுலேர்ந்து பொன்னிற பீர். இன்னும் சூடு ஏத்தினா பிஸ்கட் வாசனை, அப்புறம் கேரமல், அப்புறம் சாக்லேட், கடைசியில தீஞ்ச வாசனை. குரோம்பேட்டை பக்கம் காபித்தூள் கடை வாசல்ல நின்னிருந்தீங்கன்னா இந்த வரிசை உங்க மூக்குக்கு ஏற்கெனவே தெரியும். லைட் ரோஸ்ட்டுக்கும் டார்க் ரோஸ்ட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

ப்ரவுன் ஏல் இந்த வரிசையோட நடுவுல நிக்குது. கேரமல் மால்ட் கொஞ்சம், சாக்லேட் மால்ட் துளியூண்டு. பேர்தான் சாக்லேட், உள்ள சாக்லேட் கிடையாது. அதே மாதிரி குடிக்கும்போது வறுத்த கடலை ருசி வரும், கடலையும் போட்டிருக்க மாட்டாங்க. எல்லாம் வறுபடும்போது சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பண்ற வேலை. தோசை முறுகுற அதே வேதியியல்.

இந்த வகையில உலகத்துக்கே தெரிஞ்ச பேர் நியூகாஸில் ப்ரவுன் ஏல். ஜிம் போர்ட்டர்ங்கிறவர் உருவாக்கி, 1927ல இங்கிலாந்தோட நியூகாஸில்ல விற்பனைக்கு வந்துச்சு. அந்த ஊர்ல அதுக்குச் செல்லப்பேர் 'நாய்'. "நாயைக் கூட்டிட்டு ஒரு நடை போயிட்டு வரேன்"னா பப்புக்குக் கிளம்பிட்டாங்கன்னு அர்த்தம். நம்ம ஊர்ல "ஏடிஎம் வரைக்கும் போயிட்டு வரேன்"ங்கிற மாதிரி.

இப்ப ருசி பாக்கிற முறை. பெருசா ஒண்ணும் இல்ல, டீக்கடை கிளாஸ் அளவு போதும். ஆனா ஒரு விஷயத்துல மட்டும் பிடிவாதமா இருங்க: சில்லுன்னு குடிக்காதீங்க. நம்ம வெயிலுக்கு இதைச் சொன்னா அடிக்க வருவீங்க, தெரியும். ஐஸ் மாதிரி இருந்தா நாக்கு மரத்துப்போயிடும், வாசனையும் மேல எழும்பாது. இந்த பீருக்கு 10லேர்ந்து 13 டிகிரி சரியா இருக்கும். மேஜையில வந்ததும் பத்து நிமிஷம் விட்டுடுங்க.

அப்புறம் வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. ஓரத்துல செம்பு நிறம் தெரியணும். போவண்டோ மாதிரி கன்னங்கரேல்னு இருந்தா அது போர்ட்டர், ஸ்டவுட் பக்கம் போயிடுச்சு. அடுத்து மூக்கு. டோஸ்ட், கமர்கட், வேர்க்கடலைத் தோல், லேசா பழ வாசனை – இதுல எது வந்தாலும் சந்தோஷம். தியேட்டர் பாப்கார்ன் மாதிரி வெண்ணெய் வாசனை தூக்கலா இருந்தா ஈஸ்ட் வேலையை முடிக்கிறதுக்குள்ள அவசரப்பட்டு இறக்கியிருக்கலாம். மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனைன்னா ஆக்ஸிஜன் உள்ள புகுந்து பழசாயிடுச்சு. குடிச்சப்புறம் நாக்கு வறண்டு, ரொம்ப நேரம் கொதிச்ச டீ மாதிரி துவர்த்தா, கருக வறுத்த மால்ட் கூடிப்போச்சுன்னு சந்தேகப்படலாம்.

மார்க் போடறதுக்கு நான் எடுத்துக்கிறது பி.ஜே.சி.பி. தாள். பீர் போட்டி நடுவர்களுக்கான அமெரிக்க அமைப்பு அது. மொத்தம் 50: வாசனைக்கு 12, பார்வைக்கு 3, ருசிக்கு 20, வாயில நிக்கிற கனத்துக்கு 5, மொத்த அனுபவத்துக்கு 10. பார்வைக்கு வெறும் 3 மார்க்தான், இன்ஸ்டாகிராம்காரங்க கவனிக்கவும். இந்த முறையில எனக்குப் பிடிச்சது என்னன்னா, ஒவ்வொரு பீரையும் அதோட வகைக்குள்ளதான் அளக்கிறாங்க. 'நல்ல ப்ரவுன் ஏல் எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கா?' அவ்வளவுதான் கேள்வி.

ஆப்ல அப்படி இல்ல. 2010ல வந்த அன்டாப்ட் மாதிரி ஆப்ல எல்லா பீரும் ஒரே தராசுல. ஒரு வாய் குடிச்சதும் மண்டையில அடிக்கிற 10 சதவீத இம்பீரியல் ஸ்டவுட்டும், மூக்கைத் துளைக்கிற டபுள் ஐ.பி.ஏ.வும் மேல போய் உக்காந்துக்கும். அடக்கமான பீர் எல்லாம் மூணரைகிட்டயே தேங்கும். இது பீரோட தப்பில்ல. ஒரு வாய்ல ஆளை அசத்தறது ஒரு திறமை, ஒரு கிளாஸ் முழுக்க அலுக்காம இருக்கிறது வேற திறமை. பிரியாணியையும் தயிர்சாதத்தையும் ஒரே லிஸ்ட்ல போட்டா தயிர்சாதம் எப்பவாவது முதலிடம் வருமா? ஆனா அது இல்லாம நம்மால இருக்க முடியுமா?

சமீபத்துல ஒரு பெங்களூரு ப்ரூவரியில நான் குடிச்ச ப்ரவுன் ஏலுக்குப் போட்டது: வாசனை 9, பார்வை 3, ருசி 15, கனம் 4, மொத்தம் 8. ருசியில அஞ்சு குறைச்சதுக்குக் காரணம், கேரமல் இனிப்பைச் சமன் பண்ற ஹாப்ஸ் கசப்பு கொஞ்சம் பத்தல. பாதி கிளாஸுக்கு அப்புறம் திகட்டல் எட்டிப் பாத்துச்சு. கூட்டினா 39. அந்தத் தாள்ல 38லேர்ந்து 44 வரைக்கும் 'மிகச் சிறப்பு'. அதே பீருக்கு ஆப்ல சராசரி 3.5.

கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒரு பயிற்சி பண்ணலாம், ஆல்கஹால் வேண்டாம். ஒரு தட்டுல டோஸ்ட், கமர்கட், கருப்பட்டித் துண்டு, தோலோட வறுத்த வேர்க்கடலை. பக்கத்துல சர்க்கரை போடாத டிகாஷன் ஒரு ஸ்பூன். கண்ணை மூடி ஒவ்வொண்ணா மோந்து, கடிச்சு, பேர் சொல்லுங்க. பெங்களூருல கிளாஸ் கைக்கு வந்ததும் இதுல எது எது திரும்ப வருதுன்னு எழுதிக்கோங்க. ஆப்பைத் திறக்கிறது அதுக்கு அப்புறம். உங்க 50க்கு எவ்வளவுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. முக்கியமா, பாதி கிளாஸ் தாண்டினப்புறமும் பிடிச்சிருந்துச்சான்னு சொல்லுங்க. வண்டியை ரூம்லயே விட்டுட்டு மெட்ரோவுல போங்க.