வினாடிக்கு 14 அடி

த்ராஷ் மெட்டல் டிரம்மரின் மேடைப் படத்தில் முதலில் கண்ணில் படுவது எண்ணிக்கைதான். இரண்டு கிக் டிரம், ஐந்தாறு டாம், தலைக்கு மேல் ஒரு சிம்பல் காடு. இத்தனையும் இருந்தால்தான் அந்தச் சத்தம் வரும்போலிருக்கிறது என்று தோன்றும். ஆல்பம் பதிவு என்று வந்துவிட்டால் இந்த எண்ணிக்கைக்குப் பெரிய மதிப்பில்லை என்பது என் கட்சி. மரக்கூட்டைவிட அதன் மேல் இழுத்துக் கட்டும் தோல், அதை அடிக்கும் பீட்டர், உள்ளே திணிக்கும் போர்வை, மைக் நிற்கும் இடம் ஆகியவைதான் இங்கே முக்கியம். இவை எல்லாமே ஒலியைச் சீக்கிரம் முடித்துவைக்கும் சாதனங்கள். த்ராஷ் டிரம்மர் செலவழிக்க வேண்டியது இவற்றில்தான்.

ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 210 துடிப்பு என்பது இந்த இசையில் அரிதான வேகமில்லை. துடிப்புக்கு நான்கு அடி வீதம் இரு காலும் மாறி மாறி மிதித்தால் வினாடிக்கு 14 அடி. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கிடைப்பது 71 மில்லி வினாடி. கிக் டிரம்மின் அடிநாதத்தை 50 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், ஓர் அதிர்வு முழுதாக முடிய 20 மில்லி வினாடி ஆகும். அதாவது மூன்றரை முறை அதிர்வதற்குள் அடுத்த மிதி விழுந்துவிடுகிறது. அடங்காத அதிர்வின் மேல் இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று என்று ஏறிக்கொண்டே போனால் கேட்பது தாளமல்ல, ஒரே உறுமல். கோயில் மணியை வினாடிக்கு 14 முறை அடித்துவிட்டு எத்தனை முறை அடித்தது என்று யாரிடமும் கேட்க முடியாது. ஆனால் பீட்டர் தோலைத் தொடும் கணத்தில் எழும் 'டக்' 3000, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அதன் ஓர் அதிர்வுக்கு ஒரு மில்லி வினாடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். காது அடிகளைப் பிரித்து எண்ணுவது இந்த 'டக்'கை வைத்துத்தான். மெதுவான ராக் பாட்டில் கம்பீரமாக ஒலிக்கும் 'தொம்', இங்கே வந்தால் வழிமறிக்கும்.

இது தாளில் போட்ட கணக்கு மட்டுமில்லை என்பதற்கு ஸ்லேயர் குழுவின் இரண்டு ஆல்பங்களே சாட்சி. 1985இல் 'ஹெல் அவெய்ட்ஸ்', 1986இல் 'ரெயின் இன் பிளட்'. இரண்டிலும் டிரம்ஸ் டேவ் லொம்பார்டோ. குழுவும் அதே நால்வர். முதலாவது எதிரொலியில் ஊறியது. வேகம் கூடும் இடங்களில் டிரம்ஸ் ஏதோ குகைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். இரண்டாவதற்குத் தயாரிப்பாளராக வந்த ரிக் ரூபின் அதுவரை ராப் இசையில் பேர்வாங்கியவர். ஒலிப்பதிவாளர் ஆண்டி வாலஸ். இருவரும் எதிரொலியைக் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்தெறிந்தார்கள். 29 நிமிடத்துக்குள் பத்துப் பாட்டு. வேகம் முன்னைவிட அதிகம், ஆனால் ஒவ்வோர் அடியும் தனியாகக் கேட்கிறது. 'ஏஞ்சல் ஆஃப் டெத்' பாட்டின் பிற்பகுதியில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, லொம்பார்டோவின் இரண்டு கால்கள் மட்டும் சில வினாடிகள் ஓடும். எதிரொலி போட்ட பதிவில் அந்த இடம் வெறும் இரைச்சலாகப் போயிருக்கும்.

ஸ்டூடியோவில் கிக் டிரம்மின் முன்தோலில் ஓட்டை போட்டு மைக்கை உள்ளே நுழைப்பது இதற்காகத்தான். ஏகேஜி டி112 இந்த வேலைக்கென்றே செய்த மைக். அதைப் பீட்டர் விழும் இடத்தை நோக்கி எவ்வளவு கிட்டே கொண்டுபோகிறோமோ அவ்வளவு 'டக்' கூடும். உள்ளே போர்வையோ தலையணையோ தோலைத் தொட்டபடி கிடக்கும். கம்பளிப் பீட்டருக்குப் பதில் மரம் அல்லது பிளாஸ்டிக். அதுவும் போதாமல், பீட்டர் படும் இடத்தில் ஒரு நாணயத்தை டேப் போட்டு ஒட்டிவைக்கும் வழக்கமும் மெட்டல்காரர்களிடம் உண்டு. பிற்பாடு அதற்கென்றே கெட்டியான ஒட்டுவில்லைகள் கடைக்கு வந்தன. இத்தனை ஏற்பாட்டுக்கும் ஆகும் செலவு ஒரு டாம் டிரம்மின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

அப்படியானால் கிக் ஒன்றா, இரண்டா? மேடையில் இரண்டு இருப்பதற்குக் கண்ணுக்கான காரணமே பாதி. பதிவறையில் இரண்டு டிரம்களை ஒரே மாதிரி ஒலிக்கவைப்பது படாத பாடு. வலது கால் சற்றுக் கனமாகவும் இடது கால் சற்று மெலிந்தும் கேட்டால் 14 அடியும் நொண்டும். ஒன்றை அடிக்கும்போது மற்றொன்று சும்மா முனகுவது வேறு. ஆகவே ஒரே டிரம், இரட்டைப் பெடல் என்பதே புத்திசாலித்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு டிரம் இருந்தால் ஒவ்வொரு தோலுக்கும் 71க்குப் பதில் 142 மில்லி வினாடி ஓய்வு கிடைக்கிறது. இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் தோலை அடிக்க நேராது. இரட்டைப் பெடலில் இடது காலின் விசை ஒரு கம்பி வழியாகச் சுற்றிப் போவதால் மிதியில் ஒரு மந்தம் தெரியும் என்பதும் டிரம்மர்கள் சொல்லும் குறைதான். முதல் குறையைப் போர்வை தீர்த்துவிடும். இரண்டாவது அவரவர் காலைப் பொறுத்தது. அதில் நான் தீர்ப்புச் சொல்வதற்கில்லை.

ஸ்னேருக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. அதே 210 வேகத்தில், கிக்கும் ஸ்னேரும் மாறி மாறி விழும் வழக்கமான த்ராஷ் தாளத்தில், ஒரு ஸ்னேர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 286 மில்லி வினாடி. கிக்கைப்போல நான்கு மடங்கு இடம். எனவே ஸ்னேருக்குக் கொஞ்சம் சதைப்பற்றை அனுமதிக்கலாம், அனுமதிக்கவும் வேண்டும். கிக்கில் இழந்த கனத்தை வேறு யார் தருவது? மெட்டாலிகா 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தை 1985இன் கடைசி மாதங்களில் கோபன்ஹேகனில் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டூடியோவில் பதிவுசெய்தபோது, லார்ஸ் உல்ரிக்கின் டாமா டிரம்களோடு டெஃப் லெப்பர்டின் ரிக் ஆலனிடமிருந்து இரவல் வாங்கிய ஒரு ஸ்னேர் சேர்ந்தது. பித்தளைக் கூடு கொண்ட ஸ்னேர் அது. தொகுப்பில் மற்ற எல்லாம் அப்படியே இருக்க, ஸ்னேருக்காக மட்டும் இந்த அலைச்சல். எது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அதே உல்ரிக் 2003இல் 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தில் ஸ்னேரின் அடிக்கம்பிகளைத் தளர்த்திவிட்டு, கணீரென்று ரீங்கரிக்கும் வெறும் டிரம்மாக வாசித்தார். ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. அது வேண்டுமென்றே செய்த தேர்வு, ஒவ்வொருவருக்கும் ஓர் ஒலி உண்டு என்று வாதிடலாம். ஒலியின் குணத்தில் எனக்கும் புகாரில்லை. தனியாகக் கேட்டால் சுவாரசியமான ஒலி. ஆனால் வேகப் பகுதிகளில் ஓர் அடியின் ரீங்காரம் அடுத்த அடிவரை நீண்டு, கிடாரும் குரலும் உட்காரவேண்டிய இடத்தில் தானே உட்கார்ந்துகொள்கிறது. 286 மில்லி வினாடிக்கும் ஓர் எல்லை உண்டு.

கருவி எதுவானால் என்ன, கைகால்தானே வாசிக்கிறது என்பது இன்னொரு வழக்கமான மறுப்பு. மேடைக்கு அது சரி. பதிவில் மட்டும் கைகாலின் வேலை மைக் கேட்டதோடு நின்றுவிடுகிறது. மெட்டாலிகாவின் 1988 ஆல்பமான 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'லுக்காக ஒலிப்பதிவாளர் ஃப்ளெமிங் ராஸ்முஸன் டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டி டிரம்ஸைக் கோத்தார். அப்படி வெட்டவேண்டுமானாலும் அடிகளுக்கு நடுவே மௌனம் வேண்டும். நீண்ட ஒலியை வெட்டினால் தையல் தெரியும். ஆனால் என் வாதத்தை எதுவரை இழுக்கலாம் என்பதற்கும் இதே ஆல்பம்தான் எச்சரிக்கை. கிக்கில் 'டக்' மட்டும் மிஞ்சியது, கிடாரின் நடுப்பகுதி வழிக்கப்பட்டது, ஜேசன் நியூஸ்டெடின் பேஸ் கிடாரோ கேட்கவே கேட்காத அளவுக்குக் கீழே போனது. கிக் கழற்றிவைக்கும் கனத்தை ஏந்த பேஸ் இல்லாவிட்டால் மிஞ்சுவது எலும்புக்கூடு.

ட்ரிக்கர் பற்றிய சண்டையும் இங்கேதான் அடங்குகிறது. தோலில் ஓர் உணரியைப் பொருத்தி, ஒவ்வோர் அடிக்கும் முன்பே பதிந்துவைத்த ஒலித்துண்டு ஒன்றை ஒலிக்கவிடுவது மோசடி என்பவர்கள், நாணயத்தை ஒட்டியதை மட்டும் ஏன் மன்னிக்கிறார்கள் என்று தெரியவில்லை. இரண்டும் தேடுவது அதே 'டக்'கைத்தான். ட்ரிக்கரின் குறை வேறு: பலமாக அடித்ததும் மெல்ல அடித்ததும் ஒரே அச்சாக வந்து, வாசிப்பு தட்டச்சு இயந்திரமாகிவிடும். இயல்பான மைக் ஒலியின் அடியில் அளவாகக் கலந்தால் அந்தக் குறை பெரும்பாலும் மறையும்.

கடைசியாக சிம்பல். மேலே சொன்ன எந்த வித்தையும் இதனிடம் பலிக்காது. போர்வை போட முடியாது, நாணயம் ஒட்ட முடியாது. இதன் இரைச்சல் தலைக்கு மேல் தொங்கும் மைக்கில் மட்டுமின்றி ஸ்னேரின் எஸ்எம்57 மைக்கிலும் டாம்களின் மைக்குகளிலும் புகுந்துவிடும். மிக்ஸிங்கில் ஸ்னேரைக் கூர்மையாக்க மேல்ஸ்தாயியைக் கூட்டினால் ஹை-ஹேட் சிம்பலும் கூடவே ஏறி வரும். 2002இல் குவீன்ஸ் ஆஃப் த ஸ்டோன் ஏஜ் குழுவின் 'சாங்ஸ் ஃபார் த டெஃப்' ஆல்பத்துக்காக டேவ் குரோல் டிரம்களைத் தனியாகவும் சிம்பல்களைத் தனியாகவும் வாசித்துப் பதிந்தார். அந்த வேகத்துக்கு அது சரிப்பட்டது. த்ராஷில் கை ஸ்னேரிலிருந்து சிம்பலுக்குத் தாவும் அந்த ஒரே வீச்சில்தான் தாளமே நிற்கிறது. பிரித்தால் இரண்டும் கெடும். ஆகவே மெல்லிய, சின்ன, சட்டென்று அடங்கும் தட்டுகளாகப் பார்த்து எடுத்துப்போவதுதான் வழி. மேடையில் பாதிக்கூட்டத்துக்குக் கேட்காத தட்டுதான் பதிவறையில் சரியான தட்டு.