கோடை விடுமுறையில் எழுதிய நிரல்

எழுத்துருக் கோப்புக்குள் எழுத்து இருப்பதில்லை. ‘அ’வின் ஓரம் எந்தப் புள்ளியில் தொடங்கி எப்படி வளைந்து எங்கே வந்து சேர்கிறது என்ற கணக்குதான் இருக்கும். திரையோ சின்னஞ்சிறு பிக்ஸல்களால் ஆனது. அந்த வளைகோட்டைப் பிக்ஸல்களில் ஏற்ற வேண்டும். ஓரத்தில் பாதி மட்டும் மூடப்படும் பிக்ஸலுக்கு அதற்கேற்ற சாம்பல் நிறம் தர வேண்டும். கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே மொத்தம் 256 படிகள். லினக்ஸ் கணினிகளிலும் ஆண்ட்ராய்டு போன்களிலும் நெடுங்காலமாக இந்த வேலையைப் பார்த்துவருவது ஃப்ரீடைப் என்ற கட்டற்ற மென்பொருள்.

1996-இல் டேவிட் டர்னர் இதை முதலில் பாஸ்கல் மொழியில் எழுதினார். பிறகு சி மொழிக்கு மாறியது. வெர்னர் லெம்பெர்க் போன்ற சிலர்தான் இதைத் தொடர்ந்து தாங்கிவருகிறார்கள். வேலை மலையளவு, கைகள் குறைவு. கூகுள் 2005-இல் தொடங்கிய ‘சம்மர் ஆஃப் கோட்’ திட்டம் இங்கேதான் கைகொடுத்தது. அதில் உதவித்தொகை பெறும் மாணவர்கள், மூத்தவர் ஒருவரின் வழிகாட்டலில் கோடைக்காலம் முழுக்க நிரல் எழுதுவார்கள். நம் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் வைவா முடிந்ததும் அலமாரிக்குப் போய்விடும். ஃப்ரீடைப்பில் மாணவர்கள் எழுதியவை வெளியீட்டிலேயே சேர்ந்தன.

2020-இல் ஒரு மாணவர் எடுத்துக்கொண்ட வேலையைப் பார்ப்போம். கணினி விளையாட்டுகளில் எழுத்து திடீரெனப் பெரிதாகும், சாயும், சுழலும். ஒவ்வொரு அளவுக்கும் புதிதாக வரைந்துகொண்டிருந்தால் வேகம் குறையும். ஒரே படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் ஓரம் மங்கும். இதற்கொரு வழியை வால்வ் நிறுவனத்தின் கிறிஸ் கிரீன் 2007-இல் பிரபலமாக்கினார். பிக்ஸலில் நிறத்துக்குப் பதிலாகத் தூரத்தைப் பதிவது. எழுத்தை ஒரு ஏரி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பிக்ஸலும் கரையிலிருந்து தான் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைச் சொல்லும். நீருக்குள் இருந்தால் கூட்டல், வெளியே இருந்தால் கழித்தல். தூரம் பூஜ்யமாகும் இடமே கரை. படத்தைப் பெரிதாக்கினாலும் அந்தக் கோடு பெருமளவு கூர்மையாகவே கிடைக்கும்.

கேட்க எளிது. ஆனால் வளைகோட்டுக்கு மிகக் குறைந்த தூரம் காண்பது லேசில்லை. ட்ரூடைப் எழுத்துருவின் இருபடி வளைகோடுகளுக்கு முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். போஸ்ட்ஸ்கிரிப்ட் வகையின் முப்படி வளைகோடுகளுக்கு அது ஐந்தாம் படிக்குப் போய்விடும். அதற்குப் பொதுச் சூத்திரமே கிடையாது. அதனால் வளைவுகளைக் குட்டிக் குட்டி நேர்கோடுகளாக உடைத்து, ஒவ்வொரு துண்டைச் சுற்றியுள்ள பிக்ஸல்களுக்கு மட்டும் கணக்குப் போட்டார்கள். 2021 ஜூலையில் வந்த ஃப்ரீடைப் 2.11 பதிப்பில் அந்த மாணவரின் வேலை சேர்ந்தது.

வலைத்தள எழுத்துருக்களைச் சுருக்கும் வாஃப்2 வடிவத்தைப் படிக்கும் திறன் 2020-இல் வந்தது. அதுவும் முந்தைய கோடையில் ஒரு மாணவர் செய்ததே. அதே 2019 கோடையில் இன்னொருவர் எஸ்விஜி வண்ண எழுத்துருக்களுக்கு வழி அமைத்தார். அந்த எழுத்துருக்களில் உள்ள படங்களை ஃப்ரீடைப் தானே வரையாமல் வெளி மென்பொருளிடம் ஒப்படைக்கும்படி செய்த ஏற்பாடு அது. புத்திசாலித்தனமான முடிவு என்பேன். அது வெளியீட்டில் சேர 2022 மார்ச் ஆயிற்று. பொறுமை இல்லாதவருக்கு இந்த இடம் சரிவராது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘கொ’வில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும் என்பது ஃப்ரீடைப்புக்குத் தெரியாது. அந்த வரிசையைத் தீர்மானிப்பது ஹார்ஃப்பஸ் என்ற வேறொரு கட்டற்ற மென்பொருள். ஃப்ரீடைப் உருவத்தை மட்டும் வரைந்து தரும். இன்னொன்று, சி மொழியின் நினைவகப் பிழைகளால் வரும் பாதுகாப்புச் சிக்கலைத் தவிர்க்க, குரோம் உலாவி ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ஸ்க்ரிஃபா என்ற மென்பொருளின் பக்கம் நகர்ந்துவிட்டது. ஆனால் லினக்ஸ் மேசைக்கணினிகளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளும் ஃப்ரீடைப்பைத்தான் நம்பியிருக்கின்றன.

2022 முதல் சம்மர் ஆஃப் கோட் மாணவர்களுக்கு மட்டுமானதல்ல. 18 வயது நிரம்பிய, கட்டற்ற மென்பொருளுக்குப் புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். அறிவிப்புக்காகக் காத்திருக்காதீர்கள். மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. இறக்கித் தொகுத்து, தனியாகக் கிடைக்கும் செயல்விளக்க நிரலில் ஒரு தமிழ் எழுத்துருவை ஓடவிட்டுப் பாருங்கள். சி மொழியும் பிளஸ் டூ கணக்கும் கைவசம் இருந்தால் தொடங்குவதற்குப் போதும்.