வாடிவாசலுக்கு முன்னால் தொழுவத்தைப் பாருங்கள்

உசிலம்பட்டி வட்டாரத்தில் ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பருத்திக்கொட்டை வைத்து, நீச்சல் பழக்கி, மண் குத்த வைத்து, பெற்ற பிள்ளையாக வளர்க்கிறார்கள். தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று கொண்டுபோகிறார்கள். அந்தக் காளையை ஈன்ற பசு எந்தப் பொலிகாளையோடு சேர்ந்தது, அதற்கு ரத்தப் பரிசோதனை நடந்ததா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. காளைக்குச் செய்யும் செலவில் ஒரு பங்காவது தாய்ப்பசுவுக்கும் பொலிகாளைக்கும் போனால்தான் அடுத்த தலைமுறைக் காளை நமக்கு மிஞ்சும்.

எந்த இனம், என்ன சட்டம்?

இந்தப் பக்கத்து ஜல்லிக்கட்டு இனம் புலிக்குளம். மதுரை, சிவகங்கை மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் கிடை போட்டு வளர்க்கும் மாடு இது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள அமைப்பு இதைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. மானாமதுரையில் இதற்கென ஆராய்ச்சி நிலையமும் உண்டு.

2014 மே மாதம் தடைபட்ட ஜல்லிக்கட்டு, 2017 தமிழ்நாடு திருத்தச் சட்டத்தால் திரும்ப வந்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. நாட்டு மாடுகளை மட்டுமே களத்தில் அனுமதிக்க வேண்டும், பொய்ச் சான்று தரும் மருத்துவர் மீது நடவடிக்கை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் உத்தரவிட்டது. ஆகவே கலப்பினக் கன்று பிறந்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள்

கன்று வீச்சு நோய்: புருசெல்லா கிருமியால் வருவது. சினைப்பசு மாதம் நிறையும் முன்பே கன்றை வீசிவிடும். காளைக்கு விதை வீங்கி மலட்டுத்தன்மை வரும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடுபவருக்கும், காய்ச்சாத பால் குடிப்பவருக்கும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலாகவும் மூட்டுவலியாகவும் தொற்றும். கையுறை போடுங்கள், அவற்றை ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். இதற்கான தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு மட்டும், ஆயுளில் ஒருமுறை. காளைக்குப் போடக் கூடாது. அதனால் பொலிகாளைக்கு ரத்தப் பரிசோதனை ஒன்றே வழி.

நெருங்கிய ரத்தச் சேர்க்கை: ஊருக்கு ஒரே கோயில் காளை என்றால், நாளடைவில் அது தன் மகள்களோடே சேரும். கன்றுகள் நலிந்து பிறக்கும். கிடாரிகள் பருவத்துக்கு வரும் முன், அடுத்த ஊரோடு பேசிக் காளையை மாற்றிக்கொள்ளுங்கள்.

பேர் தெரியாத ஊசி: களத்துக்காக ஆண் ஹார்மோன் ஏற்றினால் காளையின் விந்து உற்பத்தி குறையும். கோமாரிக் காய்ச்சல் கண்டு தேறிய காளைக்கும் சுமார் 2 மாதம் விந்தின் தரம் குறைந்திருக்கலாம். அதுவரை இனச்சேர்க்கைக்கு விடாதீர்கள். கோமாரித் தடுப்பூசி அரசு முகாம்களில் இலவசம்.

சினை ஊசி போடும்போது

காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது பொதுவான கணக்கு. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் கலனிலிருந்து விந்துக் குச்சியை இடுக்கியால் எடுத்து, வெதுவெதுப்பான நீரில் சுமார் அரை நிமிடம் வைப்பார்கள். அப்போது கேளுங்கள்: “சார், குச்சியில என்ன இனம், காளை நம்பர் என்ன?” அந்த மெல்லிய குச்சியின் மேலேயே இரண்டும் அச்சிடப்பட்டிருக்கும். நோட்டில் எழுதி, காலிக் குச்சியைப் பத்திரப்படுத்துங்கள். புலிக்குளம் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டுவிட்டால் பின்னால் உங்களிடம் இருக்கும் சாட்சி அதுதான்.

உங்கள் உரிமை, உங்கள் வழி

* அவசரத்துக்கு 1962. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.
* 1984 இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவரே வைத்தியம் பார்க்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமதிப்பு ஆகாது.
* அரசு மருந்தகத்தில் குறை இருந்தால் கால்நடைப் பராமரிப்புத் துறை உதவி இயக்குநருக்கும், அடுத்து மண்டல இணை இயக்குநருக்கும் எழுத்தில் கொடுங்கள். ஆட்சியரின் மக்கள் குறைதீர் கூட்டத்திலும் மனு தரலாம்.
* பணம் வாங்கிச் செய்த வைத்தியத்தில் அலட்சியம் என்றால் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ரசீது, மருந்துச் சீட்டு, மருந்துப் புட்டி மூன்றையும் வையுங்கள்.
* காப்பீடு எடுத்திருந்தால் காதுத் தோட்டைக் கழற்றாதீர்கள். மாடு இறந்தால் புதைக்கும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி, பிரேதப் பரிசோதனை சான்று வாங்குங்கள்.

சந்தையில் புதிதாகப் பிடித்த மாட்டைச் சில வாரம் தனியே கட்டி, பரிசோதித்த பிறகே மந்தையில் சேருங்கள். ஊரில் பொலிகாளை வைத்திருப்போர் ஒன்றுசேர்ந்து, கால்நடை உதவி மருத்துவரை அழைத்து ஒரே நாளில் எல்லாக் காளைக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். கேட்டால் கிடைக்கிற உதவி இது. களத்தில் காளை ஜெயிக்கிறதோ இல்லையோ, அதன் வம்சத்தைக் காக்கும் பொறுப்பு வளர்க்கிறவருக்கே உண்டு.