உஷார்! மலையில் புல் காய்ந்துவிட்டது

ஜனவரி 26 கிராம சபைக்கு நோட்டீஸ் ஒட்டும் நேரம் இது. கொடைக்கானல் மேல்மலை, போடி மலை, நீலகிரி என்று மலையில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் அந்த நோட்டீஸை ஒருமுறை நின்று படியுங்கள். குடிநீர் இருக்கும், தெருவிளக்கு இருக்கும், வரவு செலவு இருக்கும். காட்டுத்தீ என்று ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே ஊராட்சிச் செயலரைப் பிடித்துச் சேர்க்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை. இதை விட்டால் அடுத்தது மார்ச் 22. அதற்குள் மலையில் எரிய வேண்டியதெல்லாம் எரிந்திருக்கும்.

ஏன் இத்தனை அவசரம் என்று கேட்பவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவை ஒரு பார்வை பார்க்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடுப்பளவு வளர்ந்த புல், மார்கழி உறைபனி பட்டுக் கருகி நிற்கிறது. கையில் பிடித்துக் கசக்கினால் பொடியாகிறது. பிப்ரவரி பாதியில் காற்று வறண்டுவிடும். அதன்பின் ஒரு தீக்குச்சி போதும். வனத்துறை பிப்ரவரி நடுவில் மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவது இதனால்தான். மலையேற வருகிறவர்களைத் தடுத்துவிடலாம், சரி. மலையிலேயே குடியிருப்பவர்கள் எங்கே போவது?

நம் சோலைக்காடு லேசில் எரிவதில்லை. உள்ளே எப்போதும் ஈரம் இருக்கும். புல்வெளியில் ஓடிவரும் தீ, பெரும்பாலும் சோலையின் ஓரத்தில் வந்து அடங்கிப்போகும். ஆனால் மலையில் இன்று சோலை எத்தனை இடத்தில் மிச்சம் இருக்கிறது? சுற்றியிருந்த புல்வெளியில் பெரும்பகுதியைச் சீகை மரமும் தைல மரமும் பைனும் பிடித்துவிட்டன. தைல மரத்தின் இலையில் எண்ணெய் இருக்கிறது. பைன் மரத்தடியில் ஊசிச் சருகு கணுக்கால் புதைய மெத்தையாகக் கிடக்கிறது. ஓரங்களில் உண்ணிச்செடி புதராக மண்டியிருக்கிறது. இதோடு சமவெளியில் இருப்பவர்கள் வாங்கிப்போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் எட்டிப் பார்க்காத பட்டா நிலங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலி போட்டிருப்பார்கள், கேட்டுக்குப் பூட்டு போட்டிருப்பார்கள், உள்ளே ஒரு புல்லைக்கூட வெட்டியிருக்க மாட்டார்கள். ஊருக்குள் தீ வருகிற வழி பெரும்பாலும் அந்தக் கேட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

தீ தானாக வருவதில்லை. கோடையின் தொடக்கத்தில் நம் மலைகளில் எரியும் தீயில் ஏறக்குறைய அத்தனையும் மனிதர் கைபட்டதுதான். மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று வைப்பது, தோட்டத்தில் வெட்டிப்போட்ட களையைக் கொளுத்துவது, தேன் எடுக்கப் புகை போட்டுவிட்டு அணைக்காமல் வருவது, பீடித்துண்டு, இரவில் விடுதிக்காரர்கள் மூட்டித்தரும் கேம்ப் ஃபயர். 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் பற்றிய தீயை நினைத்துப் பாருங்கள். நாள்கணக்கில் எரிந்தது. கடைசியில் விமானப்படை ஹெலிகாப்டர் வந்து மேலிருந்து தண்ணீர் கொட்ட வேண்டியதாயிற்று. அது ஆரம்பித்தது ஒரு தேயிலைத் தோட்டத்துக் கழிவுக்கு வைத்த தீயில் என்றுதான் வழக்குப் பதிவானது. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் புகை அடங்கப் பல நாள் ஆனது.

குரங்கணியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் வயதுக்காரர்கள். ஆள் மறையும் உயரத்துக்குப் புல், செங்குத்தான சரிவு, திசை மாறிய காற்று. பதறிச் சிதறி ஓடியவர்களில் பலர் பள்ளத்துக்குள் சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரும் கமாண்டோக்களும் வருவதற்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் யார்? குரங்கணி, கொட்டகுடி ஊர்க்காரர்கள். கையில் கிடைத்த போர்வையில் தூளி கட்டி, வெந்த உடம்புகளை இருட்டில் சுமந்து இறக்கினார்கள். அவர்களுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை, கருவி கொடுத்திருக்கவில்லை. வெளியூர்ப் பிள்ளைகளுக்காக ஓடிய அந்தக் கால்கள், நாளைக்குத் தங்கள் ஊரே எரியும்போதும் அதே வெறுங்கையோடுதான் ஓட வேண்டுமா? எட்டு வயதுப் பிள்ளைகளையும் எழுபது வயதுப் பாட்டிகளையும் யார் இறக்குவது என்று எந்த ஊரிலாவது முடிவாகியிருக்கிறதா?

மலைத்தீயைப் பற்றி ஒரு விஷயத்தை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். தீ மேட்டை நோக்கி ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கீழே எரிவது மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே வாட்டிக் காயவைத்துவிடுகிறது. பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேட்டுக்குத்தான் வீசும். ஆகவே தீக்கு முன்னால் மேல்நோக்கி ஓடி அதை ஜெயிக்க யாராலும் முடியாது. பக்கவாட்டில் விலகுங்கள். ஏற்கெனவே எரிந்து கரிந்த தரை இருந்தால் அதற்குள் போய்விடுங்கள், அங்கே மறுபடி எரிய ஒன்றும் இல்லை. பெரிய பாறைத்திட்டு, உழுத வயல், அகலமான சாலை எல்லாம் நல்ல இடங்கள். குறுகலான ஓடைப்பள்ளத்துக்குள் மட்டும் இறங்காதீர்கள், சூட்டையும் புகையையும் அது உள்ளே இழுத்து மேலே தள்ளும். பாலியஸ்டர், நைலான் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அணைக்கப் போகிறவர்கள் பருத்தி போடுங்கள், தனியாகப் போகாதீர்கள். எதிர்த்தீ வைக்கிற வேலையைப் பழகிய வனத்துறை ஆட்களிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது உள்ளூர் விவகாரத்துக்கு வருவோம். நெஞ்சு பதறுவது இங்கேதான்.

புகையைப் பார்த்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, எரிவது யார் இடம் என்பது. காப்புக்காடு என்றால் வனத்துறை. பட்டா என்றால் சொந்தக்காரர், அவர் சென்னையிலோ மதுரையிலோ இருப்பார். புறம்போக்கு என்றால் வருவாய்த்துறை. தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாம் என்றால், மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் ஊருக்குச் சுமார் 35 கிலோமீட்டர், எல்லாம் வளைவு. குரங்கணிக்காரர்களுக்கு வண்டி போடியிலிருந்து ஏறி வர வேண்டும். வந்தாலும் தீயணைப்பு வண்டி சாலையைத் தாண்டி ஒரு அடி ஏற முடியாது, சரிவில் எரிவதை அது கீழே நின்று பார்க்கத்தான் முடியும். செயற்கைக்கோள் தகவல் இருக்கிறதே என்பார்கள். இந்திய வன ஆய்வு நிறுவனம் செல்போனுக்கு எச்சரிக்கை அனுப்புகிறது, பொதுமக்களும் பதிந்துகொள்ளலாம், கண்டிப்பாகப் பதிந்துகொள்ளுங்கள். ஆனால் செயற்கைக்கோள் நாளில் சில தடவைதான் நம் தலைக்கு மேல் போகிறது. அது பார்த்துச் சொல்லும்போது தீ ஒரு சரிவைத் தாண்டியிருக்கலாம். ஆக முதல் ஒரு மணி நேரத்துக்கு ஊரைத் தவிர வேறு யாரும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஊரில் என்ன ஏற்பாடு இருக்கிறது?

2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. தனி அலுவலர் பார்க்கும் ஊராட்சி என்றால் இரண்டு மடங்கு உஷாராக இருக்க வேண்டும். அவருக்கு ஒன்றிய அலுவலகத்தில் ஆயிரம் வேலை. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கரட்டில் புகை கிளம்பினால், பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்ல, ஜீப்பைக் கூப்பிட, மோட்டாரைப் போடச் சொல்ல ஊரில் ஒரு வாய் வேண்டும். அந்த வாய் யாருடையது என்பதை முன்கூட்டியே சபையில் பேசி எழுதி வைக்காவிட்டால், ஆளுக்கு ஒரு பக்கம் கத்துவதிலேயே அந்த ஒரு மணி நேரம் போய்விடும். பழங்குடி ஊர்களுக்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 5வது பிரிவு, காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபையிடமே தருகிறது. முதுவர், பளியர் குடிகளில் பெரியவர்களுக்குத் தெரிந்த காற்றும் வழியும் எந்த வரைபடத்திலும் இல்லை. அவர்களைக் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்காரவைக்காதீர்கள்.

வீட்டுக்கு வாருங்கள். மலையில் நம் வீடுகள் எப்படி இருக்கின்றன? தகரக் கூரை, அதன் ஓரத்தில் மழைத்தண்ணீர் வடியும் தகர வாய்க்கால், அது நிறையச் சருகு. சமையலறைச் சுவரை ஒட்டி ஆறு மாதத்துக்கான விறகு அட்டி, நனையாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தார்ப்பாய். பக்கத்திலேயே காஸ் சிலிண்டர். பெரிய தழல் வந்து வீட்டை விழுங்க வேண்டியதில்லை. காற்றில் பறந்து வரும் ஒரு கங்கு அந்தச் சருகில் விழுந்தால் போதும். உலகம் முழுக்கக் காட்டுத்தீயில் வீடுகள் எரிந்த கதையைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: தீயின் முகப்பு வந்து சேர்வதற்கு முன்பே கங்கு வந்துவிடுகிறது. சுவரைச் சுற்றி ஐந்தடிக்கு எரியக்கூடிய எதுவும் வேண்டாம். விறகை இந்த வாரமே தள்ளி அடுக்குங்கள். கூரையைப் பெருக்குங்கள். ஓரிரு நாள் வேலை, செலவு ஒன்றும் பெரிதாக இல்லை.

அப்புறம் தண்ணீர். மேல்மலை ஊர்களுக்கு ஊற்றிலிருந்து வரும் கறுப்பு ஓஸ் பைப் புல்லுக்குள்தான் ஓடுகிறது. தீ ஒரு தடவை மேலே ஓடிவிட்டுப் போனால் பைப் உருகி மெழுகாய் ஒட்டிக்கிடக்கும். அணைக்கவும் தண்ணீர் இல்லை, அணைந்த பிறகு குடிக்கவும் தண்ணீர் இல்லை, அதுவும் ஏப்ரலில். பைப் போகும் வழியில் இரண்டு பக்கமும் புல்லைச் செதுக்கிவிடுங்கள். முடிந்த இடத்தில் மண்ணுக்குள் இறக்குங்கள்.

சாலையை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மலையடிவாரத்தில் பாரடைஸ் என்று ஒரு சிற்றூர். சுமார் 26,000 பேர். காட்டுத்தீ வரும் என்று தெரிந்து, ஊரை மண்டலம் மண்டலமாகப் பிரித்து, யார் எப்போது வெளியேறுவது என்று எழுதிவைத்து, ஒத்திகையும் பார்த்திருந்த ஊர் அது. 2018 நவம்பர் 8 காலையில், பழைய மின்கம்பி ஒன்றின் கொக்கி தேய்ந்து அறுந்ததில் பிறந்த தீ, இரண்டு மணி நேரத்துக்குள் ஊருக்குள் புகுந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டியை எடுத்தார்கள். சாலை அடைத்துக்கொண்டது. 85 பேர் இறந்தார்கள், 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. அத்தனை தயாராக இருந்த ஊருக்கே அந்தக் கதி. நம் மலைச்சாலைகளில் ஏப்ரல், மே வார இறுதியில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கூட்டம் தாங்காமல்தான் 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. ஒரு டூரிஸ்ட் வேன் வளைவில் குறுக்கே நின்றாலே ஆம்புலன்ஸ் ஏற முடியாத சாலையில், இரண்டு பக்கமும் எரியும்போது யார் எப்படி இறங்குவது? பல ஊர்களுக்குச் சாலையில் இறங்குவதைவிட, ஊருக்குள்ளேயே ஒரு பாதுகாப்பான இடத்தில் கூடுவதுதான் நல்ல வழி. அகலமான பள்ளி மைதானம், பூண்டு பிடுங்கிய வெறும் வயல், கோயில் திடல். சுற்றிலும் செதுக்கி வைத்திருந்தால்தான் அது பாதுகாப்பு.

மின்கம்பியையும் பாருங்கள். சீகை மரக் கிளை உரசிக்கொண்டிருக்கும் இடங்களைச் செல்போனில் படம் எடுத்து மின்வாரிய அலுவலகத்தில் மனுவோடு கொடுங்கள். வாயால் சொன்னதற்குக் கணக்கில்லை.

ஆகவே 26-ந் தேதி தீர்மானம் இப்படி இருக்கட்டும். ஊரின் எந்தெந்தப் பக்கம் எத்தனை அடி அகலத்துக்கு வெறும் மண் தெரியச் செதுக்குவது, எந்தத் தேதிக்குள். எட்டிப் பார்க்காத பட்டாக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்புவது. பிப்ரவரி முதல் மே வரை களை கொளுத்துவதும் கேம்ப் ஃபயரும் ஊர் எல்லைக்குள் கிடையாது என்பது. ஆட்டுக்காரர், மாட்டுக்காரரை மிரட்டாமல் கூப்பிட்டு உட்காரவைத்து, தீ வைக்காமல் தீவனத்துக்கு என்ன வழி என்று பேசுவது. அணைக்கப் போகும் இளைஞர்களின் பெயர், அவர்களுக்கு அரிவாள், மண்வெட்டி, டார்ச், தண்ணீர்க் கேன். படுக்கையில் கிடப்பவர்கள், கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகள், அவர்களைத் தூக்கப் போகிறவர் யார். மைக் செட்டு யார் வீட்டில், பள்ளிச் சாவி யாரிடம். தீயணைப்பு 101, அவசர உதவி 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. இந்த எண்களோடு வனவர், வனச்சரகர் செல் எண்களையும் ரேஷன் கடைச் சுவரில் பெயின்ட்டில் எழுதுவது.

தீர்மானம் பதிவேட்டில் ஏறுகிறதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். நகலை வனச்சரக அலுவலகம், தீயணைப்பு நிலையம், தாசில்தார் அலுவலகம் மூன்றிலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் சீலும் வாங்கி வையுங்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் ஊராக நடந்து போய், செதுக்கிய இடத்தை அடி அடியாகப் பாருங்கள். விட்டுப்போன இடம் இருந்தால் அன்றைக்கே செதுக்கிவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும்.